மாதாவுக்கு நேர்ந்துவிட்ட வயிறு

...அதுக்காக, காவிப் புடவையோட கறிக்கடை வாசல்ல ஒருத்தி நிக்கிறதப் பாத்ததும் நீயே ஒரு முடிவுக்கு வந்துடறதா? இரு கேத்தரின், ஓடாத. இப்படி ஓரமா வா, அங்க தண்ணி ஊத்திக் கழுவறாங்க. பக்கத்து வீட்டுக்காரி நீ. முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் என்னப் பத்தி என்ன வேணும்னாலும் நெனச்சுக்கோ. பாதியக் கேட்டுட்டு மீதிய அவங்கவங்களே எழுதிக்கறதுதான் நம்ம மர்பி டவுனோட வியாதி.

நான் ஒண்ணும் வாங்க வரல. சும்மா நிக்கிறேன்... வாசனைக்கு.

எல்லாத்துக்கும் காரணம் இந்த வயிறு. உனக்குத் தெரியாததா? நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டிருப்ப. ரிட்டயர் ஆனதுலேர்ந்து, ரெண்டு வாய் சோறு உள்ள போனாப் போதும், மேளம் மாதிரி உப்பிக்கும். ஒரு இட்லி தின்னா, மத்தியானம் வரைக்கும் அதோட ஏப்பம். ஓமத்தண்ணி குடிச்சேன். பெருங்காயத்த மோர்ல கரைச்சுக் குடிச்சேன். எதிர்வீட்டுக் கன்னடத்தம்மா, "டீச்சர், ராகி முத்தே தின்னுங்க, கல்லும் கரையும்"னு ஒரு களி உருண்டை குடுத்தாங்க. கல்லு கரையும், ஒத்துக்கறேன். அந்த உருண்டை கரையணுமே! வாடகை குடுக்காம உள்ளயே குடியிருந்துச்சு.

அப்பத்தான் மாதா முன்னால மண்டி போட்டேன். "அம்மா, இந்த வயித்த மட்டும் அடக்கிக் குடு. உன் திருவிழா நவநாள் ஒம்பது நாளும் காவி உடுத்தறேன், புலால் தொடமாட்டேன்." பிசிறில்லாம, தெளிவா நேர்ந்துக்கிட்டேன். மெழுகுவத்தி ஏத்தறேன்னு சொல்லியிருக்கலாம். முழங்கால்ல நடந்து வர்றேன்னு சொல்லியிருக்கலாம். வெள்ளியில ஒரு வயிறு செஞ்சு போடறேன்னு கூடச் சொல்லியிருக்கலாம். என் வாயில வந்தது கறி!

மாதா கேட்டுட்டாங்க. எப்படிக் கேட்டாங்க பாரு! வைட்ஃபீல்டுல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கானே என் அக்கா மகன், அவன் ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனான். அவரு தர்பூசணி வாங்கறவன் மாதிரி என் வயித்தத் தட்டித் தட்டிப் பாத்தார். "அரிசி, கோதுமை, ராகி, பருப்பு, சர்க்கரை எல்லாத்தையும் நிறுத்துங்க. மட்டன், கோழி, மீன், முட்டை, கொஞ்சம் கீரை. போதும்"னார். "சோறு இல்லாமக் கறிய எதோட சாப்பிடறது?"ன்னேன். "கறியோட கறி"ன்னார். கொழுப்பப் பாரு.

ஆனாச் சும்மா சொல்லக்கூடாது. காலையில முட்டை, மத்தியானம் ஆட்டுக்கறி, ராத்திரி மீன். ஒரு மாசம் முழுசா ஆகல, வயிறு வாய மூடிக்கிச்சு. பரிட்சை ஹால் மாதிரி அப்படி ஒரு அமைதி! என்ன... கொலஸ்ட்ராலா? அதெல்லாம் ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு. எல்லாருக்கும் ஒத்துக்குமான்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒத்துக்கிச்சு.

இப்ப விளங்குதா என் நிலைமை? குணமாக்கினதும் கறி. குணமானதுக்கு நன்றியா விட்டுக் குடுக்க வேண்டியதும் கறி. நவநாள் தொடங்குச்சு, காவி கட்டினேன், சோத்துக்கும் சாம்பாருக்கும் திரும்பினேன். வயிறும் திரும்பிடுச்சு. நேத்து ஜெபமாலையில எல்லாரும் மவுனமா இருந்தப்ப ஒரு சத்தம் வந்துச்சே... ஃபாதர் கூட ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, "மழை வருது போல"ன்னாரே... மழை இல்லம்மா. நான்தான்.

ஃபாதர் நல்லவர். "டீச்சரம்மா, வைத்தியத்துக்காகன்னா விலக்கு உண்டு. நீங்க சாப்பிடுங்க, பதிலுக்கு ஏழைங்களுக்கு ஒரு வேளை சோறு போடுங்க"ன்னார். எப்படிச் சாப்பிடுவேன்? நீயே சொல்லு, எப்படி? நம்ம தெருச் சப்பரக் கமிட்டிக்குத் தலைவி யாரு? நவநாள்ல புலால் சாப்பிட்டவங்க மாதா சுரூபத்தத் தொடக்கூடாதுன்னு இந்த வருஷம் சட்டம் போட்டது யாரு? நான்! சப்பரத்துக்கு முன்னால தோள் குடுக்கறானே மைக்கேல்ராஜ், எங்கிட்ட ஏழாவது படிச்சவன், கூட்டத்துல கையத் தூக்கிக்கிட்டு எழுந்து, "டீச்சர், முட்டை?"ன்னான். "முட்டையும் புலால்தான், உக்காரு"ன்னேன். "கருவாடு?" "உக்காரு." "சிக்கன் சூப் பவுடர், டீச்சர்? அதுல சிக்கனே இருக்காது." "வெளிய போ!"ன்னேன். அன்னைக்கு அந்த முட்டையவாவது விட்டு வச்சிருந்தா, இன்னைக்கு நான் மனுஷியா இருந்திருப்பேன்.

நீயும்தான் வந்து கேட்ட, உன் மருமக லவினாவுக்காக. பிள்ளை பெத்த உடம்பு, சூப் வச்சுக் குடுக்கலாமான்னு. குழந்தைய மாதா காலடியில கிடத்தணும்னா வீட்ல கறி வேகக்கூடாதுன்னுட்டேன். ஒருத்தருக்குத் தளர்த்தினா ஊருக்கே தளர்த்தணும்னேன். சொன்னேனா இல்லையா?

அதனாலதான் நம்ம தெருப் பாய் கடைக்குப் போகாம, மாதா கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறி இந்த சிவாஜிநகர் சந்துக்கு வந்தேன். இங்க நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்கன்னு... சரி! வாங்கத்தான் வந்தேன். சொல்லிட்டேன். கால் கிலோ. கொத்துக்கறி. போதுமா?

ஆமா... நீ எதுக்கு இங்க வந்த?

அந்தப் பைய இப்படித் திருப்பு. கேத்தரின், குளம்பு தெரியுது. ஆட்டுக்கால்... லவினாவுக்கா? அட, அழாத. அழாதங்கறேன். கதவச் சாத்திட்டு, ஊதுபத்தியக் கொளுத்தி வச்சுட்டா சூப் வைக்கிற? அதான் உங்க வீட்ல பத்தி வாசனை அப்படித் தூக்குதா! நான் பக்தின்னுல்ல நெனச்சேன். போ, சீக்கிரம் போ, வேக நேரமாகும். பட்டையும் மிளகும் தாராளமாப் போடு. சாயங்காலம் குழந்தையக் கொண்டுவா, நானே வாங்கி மாதா காலடியில வைக்கிறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்.

போயிட்டா. பைய மாரோட அணைச்சுக்கிட்டு ஓடறா பாரு, பஸ்ல ஒண்ணாப் போயிருக்கலாம்... யாருப்பா அது, தொங்கற ஆட்டுக்குப் பின்னால? காவி வேட்டி தெரியுது. இருமாத, அந்த இருமல நான் ஒரு வருஷம் கடைசி பெஞ்சுலேர்ந்து கேட்டிருக்கேன். மைக்கேல்ராஜ், வெளிய வா. உன் பின்னால யாரு? அவனுக்குப் பின்னால? ஐயையோ... மொத்த வரிசையும் நம்ம தெருவா? கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான எல்லாரும் பஸ் ஏறினீங்க?

சிரிக்காதீங்க. சிரிக்கற விஷயமா இது? சாயங்காலம் சப்பரம் கிளம்பணும். தூக்கற ஆள் அத்தனை பேரும் கறிக்கடையில நிக்கிறீங்க. என் சட்டப்படி நம்ம தெருவுல ஒரு ஆள் மாதாவத் தொட முடியாது. அப்ப யாருடா தூக்கறது? நானா? இந்த வயித்த வச்சுக்கிட்டா?

...தள்ளு. நேரா நில்லுங்க எல்லாரும், வரிசை கோணக்கூடாது.

பாய், எனக்குக் கடைசியா வெட்டுங்க. முதல்ல மாதாவத் தூக்கறவங்களுக்குப் போடுங்க.