என் மனைவியின் வயிற்றில் நான் செய்த கலப்படம்

நம் பார்க்கின்சன் நோயாளர் சங்கத்தின் பெருமைக்குரிய தலைவர் ஹில்க்கா அவர்களே! நடுங்கும் கைகளோடும் நடுங்காத நெஞ்சோடும் வந்திருக்கும் பெரியோர்களே! கணவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டுத் தம் பொத்தானை மறந்து ஓடிவந்த தாய்மார்களே! காப்பிக்கும் ஏலக்காய் பன்னுக்கும் மட்டுமே வந்து கதவோரம் ஒதுங்கி நிற்கும் நம் பின்லாந்தின் தம்பெரே நகரத்து நேர்மையாளர்களே! அனைவருக்கும் இந்த இல்போவின் பணிவான வணக்கம்.

கைதட்ட வேண்டாம். நம் ஊர் வழக்கப்படி புருவத்தை ஒரு முறை உயர்த்துங்கள், அதுவே எனக்குப் பொன்னாடை!

நல்ல நுண்ணுயிர்கள் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகுமா? இதைப் பேச மருத்துவரை அழைத்திருக்கலாம். தலைவரோ, ஆராய்ச்சியைக் கெடுத்தவனையே மேடையேற்றிவிட்டார்!

என் மனைவி எய்லாவுக்கு ஐந்து வருடமாக இந்த நோய். உங்களுக்குத் தெரியாததா? மலச்சிக்கலால் வயிற்றின் பின்கதவைப் பூட்டிவிட்டுத்தானே இது வாசல் மணியை அடிக்கிறது! சென்ற குளிர்காலத்தில் ஓர் ஆராய்ச்சியில் அவளுக்கு இடம் கிடைத்தது. பன்னிரண்டு வாரம், தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு உயிருள்ள நுண்ணுயிர், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கும் செவிலிக்கும் தெரியாது. ஒரே நிபந்தனை: அதுவரை தயிர், மோர் எதையும் தொடக் கூடாது.

அதே ஆராய்ச்சியில் ரைமோ என்று ஒருவன். பழைய ஐஸ் ஹாக்கி நடுவர். நோயாளிதான், ஆனாலும் தோளைப் பார்த்தால் அலமாரி! தினமும் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பான்.

"எய்லா, ஆச்சா?"

"எங்க? ஒண்ணுமில்ல. உனக்கு?"

"முயல் புழுக்கை மாதிரி நாலு. சின்னதா இருந்தா என்ன, கோல் கோல்தானே!"

சிரித்தாள், ஐயா! என் எய்லா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்! இருபத்தாறு வருடமாக ஊரையே சிரிக்க வைக்கும் எனக்கு அவள் தந்தது என்ன? மூக்கால் விட்ட ஒரு மூச்சு!

மனைவி வேறொருவனிடம் காதல் பேசினால் சண்டை போடலாம். மலம் பேசினால்? எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது? என்ன, முன்வரிசையில்? "விட்டுத் தொலையேன்" என்கிறீர்களா? விட்டிருந்தால் எனக்கு ஏது இந்த மேடை!

வெந்தேன். வெதும்பினேன். அவளைத் தேற்றுவது என் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று வீம்பு கொண்டேன். நூல் நூலாய் இழுபடும் நம் வீலித் தயிரை வீட்டிலேயே உறைய வைத்தேன். அதை அடித்துக் கரைத்து அவளுடைய புளூபெர்ரிக் கூழில் தினமும் ஒளித்தேன். வாசனை அறியும் சக்தியை நோய் அவளிடமிருந்து எப்போதோ பறித்திருந்தது. அது தெரிந்தே செய்தேன். அவள் நோயையே என் களவுக்குக் கூட்டாளி ஆக்கினேன்!

ஒன்பதாம் வாரம் ஒரு காலை. குளியலறையிலிருந்து கூவல்: "ஆச்சு!" ஓடோடி வந்தாள். யாரிடம்? தொலைபேசியிடம்!

மறுமுனையில் ரைமோ சொன்னான்: "அப்போ உனக்கு நிஜ மருந்து, எனக்கு மாவு. போதும் எய்லா. நான் நிறுத்திக்கிறேன்."

அதன்பின் ஏழு மணிக்கு மணி அடிக்கவில்லை. நான் வென்றுவிட்டேன்! எதிரி ஒழிந்தான்! ஆனால் என் எதிரே அமர்ந்திருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூழ் குடித்தாள், அதுவும் நான் கலந்த கூழை. மூன்றாம் நாள் மாலை சவுனா நீராவி அறையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே துணியும் இல்லை, துணிந்து பொய் சொல்ல வழியும் இல்லை.

"எய்லா, உன் கூழ்ல நான் வீலி கலந்தேன்."

சூட்டுக் கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். ஆவி என் முகத்தில் அறைந்தது.

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரமா."

"எதுக்கு?"

"நீ ரைமோகிட்ட சிரிச்ச."

"அட மடையா! நீயும் ஒரு நாளாவது 'ஆச்சா'ன்னு கேட்டிருக்கலாமே!"

இருபத்தாறு வருட இல்லறத்தில் எனக்குத் தோன்றாத ஒரே கேள்வி!

மறுநாள் அவளே செவிலியை அழைத்து உண்மையைச் சொன்னாள். ஆராய்ச்சியிலிருந்து அவளை நீக்கினார்கள். அன்று அவள் சொன்னது இன்னும் சுடுகிறது: "எனக்குச் சரியாச்சு. ஆனா எதால? மாத்திரையா, வீலியா, தினம் ஒருத்தன் விசாரிச்சானே அதாலயா? இனிமே யாருக்குமே தெரியாது, இல்போ."

பெரியோர்களே! நுண்ணுயிர் மலச்சிக்கலைத் தளர்த்துவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நடுக்கத்தைத் தணிக்குமா? தெரியாது. நடையைத் திருத்துமா? தெரியாது. எப்போது தெரியும்? மாத்திரை விழுங்கியவர் மறைக்காமல் சொன்னால் தெரியும்! மாவு விழுங்கியவரும் மனம் தளராமல் நின்றால் தெரியும்! இல்போ போன்ற புருஷன்மார் அடுப்படியில் அடங்கிக் கிடந்தால் தெரியும்! எய்லா உண்மையைச் சொன்னதும் ரைமோ திரும்பிப் போய்க் கடைசி நாள்வரை விழுங்கினான். மாவுதானோ என்ற ஐயத்தோடே விழுங்கினான். அது வீரம் இல்லையென்றால் எது வீரம்?

அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஒருமுறை நீக்கப்பட்டவருக்கு அதில் இடமில்லை. வாசலில் ரைமோ படிவத்தோடு நிற்கிறான். எய்லா பேனா நீட்டுகிறாள். நீங்கள் கையெழுத்திடும்போது அவள் கண்களைப் பாருங்கள். அதில் பொறாமை தெரியும். அது எனக்கு நன்கு பழக்கமான பொறாமை. நான் பறித்த இடத்தில் போய் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். அவளுக்காக ஒழுங்காக உட்காருங்கள்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. என்னை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் எய்லாவுக்கு நன்றி. ரைமோவுக்கும்… சரி, அவனுக்கும்தான். வணக்கம்!