குருவிகளுக்கு வைத்த தண்ணீர்

"குருவிக்குத் தண்ணி வைக்கிறீங்களே தாத்தா, கொசுவுக்கும் தாகம் எடுக்குமா?" என்று கீழ்வீட்டு பவ்யா ஒருமுறை கேட்டாள். எடுக்கும் என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பொய் சொல்வது பாவம்.

நான் ரகுநாதன். ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சேக்காட்டில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறேன். மொட்டைமாடியில் குருவிகளுக்கு மண்சட்டிகளில் தண்ணீர் வைப்பேன். ஒருநாள் அந்த நீரில் மெல்லிய புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அன்றிலிருந்து சட்டிகளைக் கழுவவில்லை. அவையும் உயிர்தானே. குறையக் குறைய நீர் மட்டும் விட்டேன்.

கொசு ஒழிப்புக்கு வரும் முத்தம்மாள் கண்டுவிட்டாள்.

"இன்னா சார், டெங்கு கொசுவ ஊட்டி வளத்துகினு கீறியா? கீழ கொயந்தைங்க கீது சார். கவுத்துடு."

கவிழ்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். மறுமுறை அவள் வருமுன் சட்டிகளைப் பூஜை அறையில் சாமிக்கு முன்னால் அடுக்கிவிட்டேன். அங்கே எட்டிப் பார்க்கமாட்டாள். சுத்தமான மாடியைப் பார்த்துவிட்டு, தெருவுக்கு ஒருத்தர் என்னைப்போல் இருந்தால் போதும் என்று பாராட்டிப் போனாள். அவள் போனதும் சட்டிகள் மாடிக்குத் திரும்பின.

மழைக்காலத்தில் முதலில் போனது எதிர்வீட்டு சௌம்யாவின் கைக்குழந்தை. அடுத்து பவ்யா. டெங்கு என்று டாக்டர் சொல்லியும் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு ஏற்கவில்லை. பானிபூரி என்றார் ஒருவர். செல்போன் டவர் என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று நான் எழுதினேன். நிறையப் பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். முத்தம்மாள் மட்டும், எந்த வீட்டைப் பார்க்காமல் விட்டேனோ என்று படியில் உட்கார்ந்து அழுதாள். மோர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன்.

நான் எந்த உயிரையும் கொன்றதில்லை. சில உயிர்கள் சாகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பவ்யாவிடம் மட்டும் ஒரு கடன் பாக்கி இருந்தது. தன் பெயரில் ஒரு சட்டி வைக்கச் சொல்லியிருந்தாள். நாளை, நாளை என்று தள்ளிவிட்டேன். அவள் வீட்டார் கோயிலுக்குப் போயிருந்த ஒரு மதியம், யாருக்கும் தெரியாமல் அதைத் தீர்த்தேன். புதுச் சட்டியில் நீர் நிரப்பி, பழையதிலிருந்து நாலைந்து புழுக்களைக் கரண்டியில் அள்ளி விட்டு, என் சன்னல் வழியே குனிந்து, அவள் தம்பி அஸ்வின் தூங்கும் அறையின் சன்ஷேடில் வைத்தேன். அக்கா போனபின் தனியாகிவிட்ட பிள்ளை. துணைக்கு நாலு உயிர் இருக்கட்டுமே.