‘தள்ளு’ என்ற பலகையும் ‘முரண்டு’ என்ற சொல்லும்

என் பேச்சு நீளும் என்று தெரிந்தும் துணிந்து தலைமை ஏற்றிருக்கும் சொல்லாய்வு மன்றத் தலைவர் அவர்களே! மேடையை அணிசெய்யும் ஆன்றோர்களே, சான்றோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே முந்திக்கொண்டு இடம்பிடித்த இளைஞர்களே! உங்கள் அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

எனக்குத் தந்த சொல் ‘முரண்டு’. முரண் என்ற பழஞ்சொல்லின் வழிவந்தது. முரண் என்றால் பகை. முரண் என்றால் வலிமை. அகராதி அத்தோடு படுத்துத் தூங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது எங்கே? ஏட்டிலா? எழுத்தாணியிலா? இல்லை ஐயா, இல்லை! எங்கள் அலுவலகக் கதவடியில்! பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

இழுத்தால் திறக்கும் கதவு அது. அதில் ‘தள்ளு’ என்றொரு பலகை, தலைமை அலுவலகம் அனுப்பியது. மாற்றலாமா என்று கேட்டோம். மேலாளர் சீறினார்: “பலகை மேலிடத்து உத்தரவுய்யா! கதவு வெறும் மரம். யாரு யாருக்கு அடங்கணும்?”

தள்ளினோம்! தோள் கொடுத்துத் தள்ளினோம், முதுகு கொடுத்துத் தள்ளினோம், மூச்சைப் பிடித்துத் தள்ளினோம்! நாற்பது பேர், ஒன்பது நாள். கோப்புகள் உள்ளே, நாங்கள் வெளியே. என்ன தம்பி, பின்வரிசையில் சிரிப்பு? மேலாளரா? அவரும்தான் தள்ளினார், பதவிக்கு ஏற்றபடி கைப்பிடியை ஒட்டி நின்று.

கூட்டிப் பெருக்கும் அக்கா மட்டும் தினமும் வாளியோடு வருவார். கதவை இழுப்பார், உள்ளே போவார், பெருக்குவார், சாத்திவிட்டு வருவார். பின்னாலேயே நுழைந்திருக்கலாமே என்கிறீர்களா அம்மா? நுழைந்தால் நாங்களும் உடந்தையாம்! பயம் தாயே, பச்சைப் பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பத்தாம் நாள் வராந்தாவிலேயே விசாரணை. குற்றச்சாட்டு: ‘முரண்டு பிடித்தார்.’

அக்கா கேட்டார்: “உள்ள போகாம எப்படிங்க பெருக்குறது?”

பதிலுக்குத் தீர்ப்புதான் வந்தது. வேலைநீக்கம்! அக்காவின் இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் படிப்பும் போகும். அக்காவின் முகத்தைப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

உத்தரவு தயார், கையெழுத்து தயார். முத்திரை? அது உள்ளே, மேலாளரின் மேசைமேல்! அவர் கதவைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்துக் குழைந்தார்.

“இந்தாம்மா, நீதான் எப்பவும் இழுப்பியே. இன்னும் ஒரே ஒரு தடவை இழுத்து, அந்த முத்திரைய எடுத்துட்டு வந்துடு.”

அக்கா வாளியைக் கீழே வைத்தார். கதவில் இரண்டு கையையும் ஊன்றினார். தள்ளினார்!

“அய்யோ, தள்ளாதம்மா! இழு!”

“தள்ளுன்னுதானே போட்டிருக்கு? மேலிடத்து உத்தரவுங்க ஐயா. மீறுனா வேலை போயிடும்.”

அவையோரே! ஒன்பது நாள் அஞ்சி அஞ்சித் தள்ளியவன் நான். அன்று அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நாற்பது பேரும் வந்து நின்றார்கள். அதே கதவு, அதே பலகை, அதே தோள்கள். ஆனால் அன்றுதான் மனமாரத் தள்ளினோம்! முரண்டு என்றால் என்ன என்று என் தோள்பட்டைக்குப் புரிந்தது அப்போதுதான். முத்திரை இன்றும் உள்ளேயே இருக்கிறது. அக்கா இன்றும் வேலையில் இருக்கிறார்.

தலைவரின் கை மணியை நோக்கி நீள்கிறது. பொறுத்துக் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம்!