இரண்டு முறை வந்த இரண்டரை மணி

வாக்குமூலத்தில் காலை மணி பத்தே கால் என்று எழுதியிருக்கிறீர்கள் சார். எந்த நாட்டு நேரம் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அரைகுறையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் பக்ருதீன். முதலியார்பேட்டையில் பத்துப் பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் ஆபீஸ் எங்களுடையது. பிரான்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு மருந்து ஏற்றும் மெஷின் எங்கள் புரோகிராம் சொல்லும் நேரப்படிதான் ஓடும். உலகம் முழுக்க ஒரே பொது நேரம் என்று ஒன்று இருக்கிறது, அதில்தான் கணக்கு வைக்க வேண்டும். எங்களுடையதில் பாரிஸ் மணியே வைக்கப்பட்டிருந்தது. புதுச்சேரியில் வீட்டுக்கு ஒரு மாமா பாரிஸில் இருக்கிறார். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தெனாவட்டு.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்று இரண்டரை மணி இரண்டு முறை வந்தது. வலி தெரியாமல் இருக்கப் போடும் மருந்தை மெஷினும் இரண்டு முறை ஏற்றியது. ஒரு கிழவி செத்துப்போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸில் நானும் விக்ரமும் மட்டும். கனகசெட்டிக்குளத்துக்காரன், நாங்கள் எழுதுவதையெல்லாம் சரிபார்ப்பவன். அந்த இல்லத்துக்குக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னா எழுதுற?"

"யார் தப்புன்னு சொல்லிடப் போறேண்ணே. அந்தம்மாவோட பொண்ணு கேக்குது, பாவம்."

"வேணாம்டா. ஆபீஸையே மூடிடுவாங்க."

"மூடட்டும்ணே. எனக்குச் சோறு எறங்கல."

சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். கதவோரம் இருந்த தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டாவது அடியில் காதோரம் எலும்பு உள்ளே போனது. "அண்ணே" என்றான். அதற்குப் பிறகு இன்னும் மூன்று அடி. மூச்சு நிற்க நாலு நிமிடம் ஆனது, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டிருக்கலாம்தான். கையெல்லாம் ரத்தமாக இருந்தது, ஃபோன் வீணாகிவிடும்.

கோபத்தில் செய்யவில்லை சார். பத்துக் குடும்பம் அந்த ஆபீஸை நம்பி இருக்கிறது. கடிதத்தை நான் படிக்கக்கூட இல்லை. அதில் யார் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

இப்போது நீங்கள் படித்துக் காட்டினீர்கள். தவறு முழுக்கத் தன்னுடையது என்று எழுதி, கீழே விக்ரம் என்று போட்டிருக்கிறான். என் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் பாரிஸ் மணியை வைத்து அந்த வரியை எழுதியவன் நான். சரிபார்த்தபோது அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்தக் கடிதத்தில் இருப்பது பொய். செத்தவளின் மகளுக்கு ஒரு பொய் போய்ச் சேராமல் தடுத்திருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.