காசோடு திரும்பாத நிழல்

அக்கா: லைட்டைக் கொஞ்சம் சாய்டா. ம்… இதுவும் மோதல் காசுதான். கவர்ல எழுதிக்கோ.

தம்பி: இதுவுமா? காலையிலேர்ந்து இது அஞ்சாவதுக்கா.

அக்கா: நல்ல நேரம்னு சொல்லேன். மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?

தம்பி: பதினெட்டு வருஷமா ரெண்டு பேரும் இந்தப் பழங்காசுக் கடையில உக்காந்திருக்கோம். எத்தனை மோதல் காசு பாத்திருப்போம்?

அக்கா: ஒரு… இருபது.

தம்பி: இன்னிக்கு ஒரே பையில அஞ்சு.

அக்கா: எல்லாம் ஒரே அச்சுல அடிச்சதா இருக்கும்டா. நடுவுல வெள்ளி வைக்காம ரெண்டு அச்சும் முட்டிக்கிட்டா, தலையோட உருவம் பூ அச்சுல பதிஞ்சிடும். அப்புறம் அடிக்கிற காசு அத்தனையிலயும் பூ பக்கம் தலை நிழலாத் தெரியும். இதைப் போய் உனக்கு…

தம்பி: அஞ்சும் அஞ்சு வேற வேற வருஷம்க்கா.

அக்கா: லென்ஸ்ல தூசி. துணியக் குடு.

தம்பி: இப்பத்தான் துடைச்சேன். ரெண்டு தடவை.

அக்கா: பெரிய ஆளு! இங்க பாரு. பூ பக்கத்துல, கப்பல் படத்துக்குக் கீழ, இடது ஓரமா… கறுப்பா வளைஞ்சு… நெத்தி, மூக்கு…

தம்பி: பாத்துட்டேன். அங்க வெறும் வெள்ளிதான் இருக்கு.

அக்கா: அப்போ உன்னைத்தான் கண் டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போகணும்.

தம்பி: போலாம். அதுக்கு முன்னாடி, லென்சை எடுக்காம காசை மட்டும் மெதுவாத் திருப்பு.

அக்கா: எதுக்கு?

தம்பி: காசுல இருக்கற நிழல்னா காசோடயே சுத்தணும்ல?

அக்கா: வேலையக் கெடுக்காத. பழைய காசு சேக்கற தபால்காரர் இதை வாங்க வர்ற நேரம்…

தம்பி: அதுக்குத்தான் சொல்றேன். கவர்ல உன் கையெழுத்து இருந்தாப் போதும்னு நம்பி வர்ற மனுஷன். சாதாக் காசுக்கு மோதல் காசு விலைன்னு அஞ்சு மடங்கு குடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே போவாரு. கடவுளுக்கே பொறுக்காதுக்கா.

அக்கா: சரி… திருப்பறேன். இரு, அவசரப்படுத்தாத.

தம்பி: கப்பல் எங்க வந்துச்சு?

அக்கா: மேல. இப்ப… வலது பக்கம்.

தம்பி: நிழல்?

அக்கா: அங்கயே நிக்குதுடா.

தம்பி: சரி… சரி. லென்சைக் கீழ வை. நான் இருக்கேன்ல.

அக்கா: உனக்கு எப்போ தெரியும்?

தம்பி: பத்து நாளா. நீ மோதல்னு கையெழுத்துப் போட்ட கவரையெல்லாம் மாத்திட்டுத்தான் அனுப்பினேன். யாரும் ஏமாறல. உன்கிட்டச் சொல்லத்தான்… வாய் வரல.

அக்கா: லூசு… முதல்ல அந்த அஞ்சு கவரையும் அடிச்சு எழுது. சாதாக் காசுன்னு. தபால்காரருக்கு ஃபோன் பண்ணி, வெயில்ல வர வேணாம்னு சொல்லு.

தம்பி: சொல்லிடறேன். நீ செருப்பப் போடு, கண் டாக்டர்ட்டப் போலாம். ஒரு கண்ணுதானேக்கா? இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு? லென்சை அந்தக் கண்ணுக்கு மாத்திக்கிட்டா…

அக்கா: அந்தக் கண்ணு போய் ஏழு மாசம் ஆச்சுடா. நீ பயந்துடுவேன்னு சொல்லல… என் கையப் பிடிச்சுக்கோ. கீழ அந்த நிழல் மறைக்குது, வாசப்படி எங்க இருக்குன்னு சொல்லு.