எதிர்வீட்டுச் சுவரின் அளவு

சர்க்கரை இல்லாத தேநீர் எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் கேட்காமலே கொடுத்தீர்கள், நன்றி. இன்ஸ்பெக்டர், நீங்கள் கேட்டதற்கும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த கருவி எளிமையானது. சுவரில் ஒரு சிறு கண்ணாடி ஒட்டுவேன். தெருவின் இந்தப் பக்கமிருந்து அதன் மேல் லேசர் ஒளியை அனுப்புவேன். சுவர் தலைமுடிக் கனத்தில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலும், திரும்பி வரும் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். சுவர் என்றைக்கு விழும் என்று முன்கூட்டியே சொல்லலாம். பதினோரு வருட உழைப்பு.

முதலில் ஓர் அச்சகத்தின் சுவரை அளந்து, பத்து நாளில் விழும் என்றேன். பயந்துபோய் முட்டுக் கொடுத்தார்கள். சுவர் விழவில்லை. கருவிக்கு ஒப்புதல் தர வேண்டிய மாநகராட்சிப் பொறியாளர் சிரித்தார்.

“சுவர் குத்துக்கல்லாட்டம் நிக்குதே சார். அப்புறம் எதை வச்சு உங்க மெஷினை நம்பறது?”

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் என் பெயர் ‘புலிவருது’. முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.  ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். எச்சரித்தால் சுவரைக் காப்பாற்றிவிடுகிறார்கள், நிரூபணம் போய்விடுகிறது. அடுத்த தடவை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்தது என் பட்டறைக்கு எதிரே இருந்த பழைய மாடி வீடு. இரண்டாம் மாடியில் என் அக்கா குடியிருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவள் என்றால் எனக்கு உயிர்.

“சமையலறைல விரிசல் விட்டிருக்குடா. உன் மெஷின் என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்லக்கா. பூச்சு காய்ஞ்சு வெடிச்சிருக்கு.”

சுவர் விழுவது வியாழன் பகல் பன்னிரண்டரை என்று கணக்கு வந்தது. அப்போது எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருப்பார்கள். கீழ்வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரை நான் யோசிக்கவில்லை. அக்காவைப் பதினொன்றரைக்கே பட்டறைக்கு வரச் சொல்லியிருந்தேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. வந்தாள். சாப்பாட்டை எடுத்து வைத்தவள், பாதியில் எழுந்தாள்.

“அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்.”

தடுத்தால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் தெருவையே கூட்டிவிடுவாள்.

“சரிக்கா” என்றேன்.

அவள் படியேறுவது கருவியின் திரையில் தெரிந்தது. ஒவ்வொரு காலடிக்கும், சுவரின் அசைவைக் காட்டும் கோட்டில் ஒரு சின்னத் துள்ளல். மேலே போய் நின்றதும் கோடு வளையத் தொடங்கியது. நான் கணித்ததைவிடப் பன்னிரண்டு நிமிடம் முன்னதாக. அந்த வளைவு எனக்கு மனப்பாடம். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தது. கைபேசி கையில்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்து கத்தியிருந்தாலும் கேட்டிருக்கும்.

கூப்பிட்டிருந்தால் படியில் தடதடவென்று ஓடி வந்திருப்பாள். அந்த அதிர்வில் கடைசி இரண்டு நிமிட அளவு முழுக்கக் கெட்டுப்போயிருக்கும்.

தாளில் அச்செடுத்துப் பாருங்கள், கோட்டில் ஒரு பிசிறு கிடையாது. அக்கா கடைசி வரை அசையாமல் நின்று கொடுத்திருக்கிறாள். எனக்காக அவள் எதைத்தான் செய்யவில்லை?