மூன்றாவது இடத்தில் ஓர் எண்

கம்ப்யூட்டர் திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து நின்றால் யாரும் அதைப் படிப்பதில்லை சார். சற்று முன்பு உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரிலேயே ஒன்று வந்தது. ரைட்டர் பேசிக்கொண்டே என்டர் தட்டினார். என்ன கேட்டது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள், தெரியாது என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளைச் செய்வதுதான் என் பிழைப்பு, அதனால் கண்ணில் படுகிறது.

என் பெயர் சௌந்தரராஜன். ஓசூரில், வண்டி உதிரிபாகங்களுக்கு பெயிண்ட் அடித்து, ஓர் அறை அளவுள்ள சூளையில் வைத்துச் சூட்டில் காயவைக்கும் கம்பெனியில் புரோகிராமர். பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று செய்தி சொல்லும். அதில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பொத்தான்கள் இருக்கும். இன்னொன்று கேள்வி கேட்டுவிட்டு, பதிலை எழுதக் கட்டம் காட்டும். எந்தப் பெட்டியையும் புரோகிராமில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அதீபை வேலைக்குச் சேர்த்ததே நான்தான். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் அக்பர் பாஷாவின் மகன். வந்த அன்றிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டான்.

என் பெட்டிகள் இங்கிலீஷில் பேசும். பாகலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆட்களுக்கு அது புரியாது. எது வந்தாலும் என்டர் தட்டுவார்கள். நான் அதைத் தமிழில் போட்டுப் பார்த்திருக்கிறேன். வெறும் கேள்விக்குறிகளாக வந்தது, விட்டுவிட்டேன். அதீப் விடவில்லை. பெட்டி மாதிரியே தானாக ஒரு சின்னத் திரையை வரைந்து, தமிழ் எழுத்துருவைப் பொருத்திவிட்டான். முதல் நாள், ஷிப்டில் வேலை பார்க்கும் சென்னம்மா திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“சார், இங்க வாங்க. பொட்டி நம்ம பேச்சுலயே கேக்குதுங்க!”

அன்றிலிருந்து அது ‘அதீப் பொட்டி’. அத்தனை வருடம் நான் செய்த பெட்டிகளுக்கு யாரும் பெயர் வைத்ததில்லை.

நான் கோபப்படவில்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கெலவரப்பள்ளி அணைக்கு எல்லோரும் போனபோது அவனை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேமராவை என் கையில் கொடுத்தார்கள். நன்றாகத்தான் எடுத்தேன். ஒருவர் தலைகூட வெட்டுப்படவில்லை.

பிறகு சூளைக்கான பெட்டி வந்தது. தொங்கவிட்ட கம்பியிலிருந்து சூளைக்குள் விழும் பாகங்களை எடுக்க ஆள் உள்ளே போக வேண்டியிருக்கும். அதீப் ஒரு நடைமுறை கொண்டுவந்தான். உள்ளே போகிறவர் தன் டோக்கன் எண்ணைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். அவர் வெளியே வந்து அதே எண்ணை மறுபடி தட்டும்வரை சூளை ஓடாது. எண் பொறித்த வில்லை அவர் சட்டையோடு உள்ளே போய்விடுவதால் வேறு யாரும் தட்டிவிட முடியாது. அதற்குமேல், என் மேசைக்கும் ஒரு செய்திப் பெட்டி வரும். நான் ‘ஆம்’ என்றால்தான் கதவு மூடும்.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார். “ஏன் சௌந்தர், இத்தனை வருஷமா இது உங்களுக்குத் தோணலியே?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆட்கள் எண்ணை மாற்றித் தட்டுகிறார்கள், நேரம் போகிறது என்று புகார் வந்தது. அதைச் சரிசெய்யத்தான் கை வைத்தேன். கேள்விப் பெட்டிக்கான வரியில் முதல் இடத்தில் கேள்வி, இரண்டாவதில் தலைப்பு. மூன்றாவது இடத்தைக் காலியாகவும் விடலாம். ஏதாவது எழுதினால் அது கட்டத்தில் முன்கூட்டியே நிரம்பி நிற்கும். அதீப் காலியாக விட்டிருந்தான். உள்ளே போனவரின் எண் அங்கே தானாக வந்து நிற்கும்படி செய்தேன். யாரும் எதையும் தட்டச்சு செய்ய வேண்டாம், என்டர் போதும். நல்ல வசதி. அதீபிடம் சொல்லவில்லை. புகார் சொன்னவர்களிடமும் சொல்லவில்லை.

அன்று காலை சானமாவில் யானைகள் ரோட்டில் நின்றதால் ஷிப்ட் பஸ் தாமதம். இரவு ஷிப்ட் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நான் அதீபைக் கூப்பிட்டு, சூளைக்குள் இருக்கும் வெப்பமானி தப்பாகக் காட்டுகிறது, பார்த்துவிட்டு வா என்றேன்.

“பஸ் வர்றதுக்குள்ள முடிச்சிடறேன் அண்ணா” என்றான். எண்ணைத் தட்டினான். வெளிச்சத்துக்கு டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

வெப்பமானி சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

காலை ஷிப்டில் சூளையை ஓட்டும் ராஜப்பன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தான். தாமதத்துக்கு மேனேஜர் திட்டுவாரே என்ற அவசரம். திரையில் பெட்டி நின்றது, கட்டத்தில் எண் நின்றது. யாரோ வெளியே வந்து தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், என்டர்தான் பாக்கி என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். தட்டினான். பிறகு உங்களிடம் அழுதானே, “நம்பர் இருந்துச்சுங்க, தட்டுனேன்ங்க” என்று. உண்மைதான். அவனை விட்டுவிடுங்கள்.

என் மேசைக்குப் பெட்டி வந்தது. ‘உள்ளே யாரும் இல்லை என்று நேரில் பார்த்தீர்களா?’ மற்ற பெட்டிகள் மாதிரி இல்லை அது. அதில் என்டர் தட்டினால் ‘இல்லை’ என்றுதான் போகும்; அதீப் அப்படி வைத்திருந்தான். ‘ஆம்’ என்று சொல்ல மவுஸைப் பிடித்து நகர்த்த வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் சூளையின் கதவு திறந்திருந்தது. உள்ளே டார்ச் வெளிச்சம் அசைந்தது. என்னவோ பாட்டு முணுமுணுத்தான்.

மவுஸை நகர்த்தினேன்.

கதவு மூடியதும் காற்றாடிகள் ஓடத் தொடங்கும். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. உள்ளிருந்து நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும் என்று அதீப் கேட்டிருந்தான், வாங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மெயில் பார்த்தேன். பிறகு டீ குடித்தேன். அதீபைக் காணோம் என்று சென்னம்மாதான் முதலில் தேடினாள். எல்லோரையும்விட வேகமாக ஓடியது நான்தான் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அக்பர் பாஷா வந்தபோது என் தோளில்தான் சாய்ந்தார். “உங்கள அண்ணான்னு சொல்லுவானே தம்பி, நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிடுச்சே” என்றார். தண்ணீர் கொடுத்தேன். கண்ணீர் வந்தது சார், நடிக்கவில்லை.

கம்பெனி விசாரணை நடத்தி முடித்துவிட்டது. தன் புரோகிராமில் அதீபே ஏதோ மாற்றிப் பார்த்திருக்கிறான், அதுவே அவனுக்கு எமனாகிவிட்டது என்று முடிவு. என் மேசைக்குப் பெட்டி வரவே இல்லை என்றேன், நம்பினார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை; நானாகத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக நினைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள்.

நேற்று கேன்டீனில் அவன் படத்துக்கு மாலை போட்டார்கள். மேனேஜர் பேசினார். “நம்பர் தானா வந்து நிக்கிற ஒரே வரிதான். ஆனா எவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கான் பாருங்க. அந்த மூளை இனிமே யாருக்கு வரும்?” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்த வரி நான் எழுதியது சார். அதற்காவது என் பெயரைப் போடுங்கள்.